வசிஷ்டருக்கும் ஜன்னலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி கூரையைப் பற்றியவை. பாரிஸ் வீடுகளின் கூரையில் முளைத்திருக்கும் ஜன்னல்களைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன், அதன் பலன். ஒரேயடியாகப் பைசல் செய்துவிடலாம்.

கேள்வி: பிரான்ஸில் ஒருவகை ஜன்னலுக்கு ‘வசிஷ்டர்’ என்று பெயராமே? நம் ரிஷி அங்கே எப்போது போனார்?

பதில்: அவர் எங்கேயும் போகவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது ‘வாஸிஸ்தாஸ்’. பெரிய கதவிலோ ஜன்னலிலோ ஒரு சின்னப் பகுதி மட்டும் தனியாகத் திறந்து மூடும்படி இருக்குமே, அதற்குப் பெயர். கூரைச் சரிவில் பதித்த சின்ன ஜன்னலையும் பலர் இப்படியே சொல்கிறார்கள். ஜெர்மன் மொழியில் ‘வாஸ் இஸ்ட் டாஸ்?’ என்றால் ‘அது என்ன?’ என்று அர்த்தம். மூன்று சொல் கேள்வியை ஒட்டிப் பிசைந்து ஒரே பெயர்ச்சொல்லாக்கி, அகராதியிலும் ஏற்றிவிட்டார்கள். ஒரு கேள்வியே பொருளாகிவிட்ட அதிசயம். வசிஷ்டர் காதில் விழுந்தால் வருத்தப்பட மாட்டார். கேள்விக்குப் பதில் சொல்லியே பேர் வாங்கியவர் அல்லவா?

கேள்வி: சரி, அந்தக் கேள்வியை யார் யாரிடம் கேட்டார்கள்?

பதில்: இங்கேதான் கதை ஆரம்பம். சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது இது: நெப்போலியன் தோற்ற 1814இல் நேசப் படைகள் பாரிஸுக்குள் நுழைந்தன. கூரையில் கண் வைத்த வீடுகளை அதுவரை பார்த்திராத பிரஷ்யச் சிப்பாய்கள் விரலை நீட்டி ‘வாஸ் இஸ்ட் டாஸ்?’ என்றார்களாம். ஜன்னலின் பெயரைத்தான் சொல்கிறார்கள் என்று பாரிஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்களாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாள் கணக்கு உதைக்கிறது. 1789 புரட்சிக்கு முன்பே இந்தச் சொல் பிரெஞ்சு எழுத்தில் வந்துவிட்டது. ஜெர்மன் கேள்வி அப்பட்டமாகத் தெரியும்படி ஒருவரும், அடையாளமே தெரியாதபடி சிதைத்து இன்னொருவரும் எழுதியிருக்கிறார்கள். 1814இல் வந்த சிப்பாய்களில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டார்கள். தவிர, ஜெர்மனியில் கூரை ஜன்னலுக்கு என்ன பஞ்சம்? அதைப் பார்த்து ஒரு பிரஷ்யன் வாய் பிளந்தான் என்பதே நம்பும்படி இல்லை.

அகராதிக்காரர்கள் சொல்லும் காரணம் இவ்வளவு ஜோடனை இல்லாதது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே இருப்பவர் முழுக் கதவையும் திறக்காமல் அந்தச் சின்னத் திறப்பை மட்டும் திறந்து, மூக்கு வரைக்கும் முகத்தைக் காட்டி, ‘என்ன?’ என்கிறார். அந்தத் திறப்பு வழியாக வரும் கேள்வியே அதற்குப் பேராகிவிட்டது. கேட்டவர் வீட்டுக்குள் இருந்தவரே தவிர, தெருவில் நின்ற சிப்பாய் இல்லை.

கேள்வி: ஜெர்மானியர்கள் அதை என்ன என்கிறார்கள்?

பதில்: ‘மேல் வெளிச்சம்’ என்று பொருள்படும் ‘ஓபர்லிஷ்ட்’. ‘வாஸிஸ்தாஸ்’ என்று அவர்களிடம் சொன்னால் ‘எது?’ என்று திருப்பிக் கேட்பார்கள். ஆனால் இத்தாலிக்கும் கிரீஸுக்கும் துருக்கிக்கும் அந்தச் சொல் குடிபோய்விட்டது. அங்கே, மேல்பக்கம் மட்டும் உள்ளே சாயும் ஜன்னலுக்கு அது பெயர்.

கேள்வி: ரஷ்யச் சிப்பாய்கள் ‘பிஸ்ட்ரோ’ என்ற சொல்லைப் பாரிஸுக்குக் கொடுத்தது மட்டுமாவது உண்மைதானே?

பதில்: மோன்மார்த் குன்றின் மேல், தெர்த்ரு சதுக்கத்தில் ஒரு பழைய உணவகம். அதன் சுவரில் பலகையே அடித்து வைத்திருக்கிறார்கள்: 1814 மார்ச் 30 அன்று கொசாக் வீரர்கள் ‘பீஸ்த்ரா’ என்று, அதாவது ‘சீக்கிரம்’ என்று, அவசரப்படுத்தியதில் பிறந்தது இந்தப் பெயர் என்று. ஆனால் அந்தச் சொல் பிரெஞ்சு எழுத்தில் முதலில் தலைகாட்டுவது 1880களில். எழுபது வருஷம் கழித்து வந்து சேர்ந்த ‘சீக்கிரம்’!

ஒரே படையெடுப்பு, இரண்டு கதைகள். ஒரு சொல் சிப்பாய்களுக்கு முன்பே அங்கே இருந்தது. இன்னொன்று அவர்கள் போய் இரண்டு தலைமுறைக்குப் பிறகு வந்தது. கங்காரு கதையும் இதே ஜாதிதான். ‘தெரியாது’ என்று பழங்குடி ஒருவர் சொன்னதை ஆங்கிலேயர்கள் பெயராக எழுதிக்கொண்டார்கள் என்பார்கள். உண்மையில் 1770இல் ஆஸ்திரேலியாவில் கேப்டன் குக்கின் கப்பலார் கேட்டு எழுதியது ‘கங்குரு’ என்ற அசல் பெயரை. குகு யிமிதிர் மொழியில் ஒருவகைக் கங்காருவுக்கு இன்றும் அதுவே பெயர். சொல்லுக்குப் பின்னால் யாராவது அழகான கதை சொன்னால் முதலில் வருஷத்தைக் கேளுங்கள்.

கேள்வி: ‘டார்மர்’ ஜன்னல் என்கிறார்களே, அதற்கும் ரயில்வே ஸ்டேஷன் டார்மிட்டரிக்கும் உறவு உண்டா?

பதில்: பங்காளிகள். இரண்டுக்கும் மூலம் தூங்குவதைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொல். பழைய பிரெஞ்சில் ‘தோர்மேயோர்’ என்றால் படுக்கும் அறை. கூரைக்கு அடியில் இருக்கும் படுக்கையறைக்கு வெளிச்சம் கொடுக்கிற ஜன்னல் என்பதால், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் அந்த ஜன்னலுக்கே பெயராகிவிட்டது. அறையின் பெயரை ஜன்னல் எடுத்துக்கொண்டது; அறைக்கு வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று.

ஒரு வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். கூரைச் சரிவிலிருந்து வெளியே துருத்தி, தனக்கென்று ஒரு குட்டிக் கூரையோடு நேராக நிற்பது டார்மர். சரிவோடு சரிவாகப் படுத்திருப்பது கூரை ஜன்னல். தலைக்கு மேலே கண்ணாடியாக இருந்து, பெரும்பாலும் திறக்க முடியாமல் வெளிச்சம் மட்டும் தருவது ஸ்கைலைட். நம் ஊர் கான்ட்ராக்டர்கள் மூன்றையும் ஸ்கைலைட் என்பார்கள். ரேட்டும் ஒன்றாகவே சொல்வார்கள்.

கேள்வி: மூக்குப்பொடிக்கும் கூரை ஜன்னலுக்கும் சம்பந்தம் உண்டு என்று நண்பர் பந்தயம் கட்டுகிறார்.

பதில்: பணத்தைக் கொடுத்துவிடுங்கள். பிரெஞ்சில் ‘தபாத்தியேர்’ என்றால் பொடி டப்பி. மேல்பக்கம் கீல் வைத்து, டப்பி மூடிபோலக் கையால் தூக்கி, பல் வைத்த ஓர் இரும்புப் பட்டையில் மாட்டி நிறுத்துகிற சின்னக் கூரை ஜன்னலுக்கும் அதுவே பெயர். மழை நாளில் மூடியைத் தூக்கித் தலையை நீட்டினால் சாரல் அடித்து அடுக்குத் தும்மல் வரும். பெயர்ப் பொருத்தம் பத்துக்குப் பத்து.

கேள்வி: மற்ற நாடுகளில்?

பதில்: ஆளுக்கொரு கற்பனை. டச்சுக்காரர்களுக்கு டார்மர் ‘கூரைக் கோயில்’; தேவாலயத்தில் இருக்கும் சிறு வழிபாட்டு அறையின் பெயரையே தூக்கிக் கூரைமேல் வைத்துவிட்டார்கள். டென்மார்க்கில் ‘சுள்ளி’. ஜெர்மனியில், இருபக்கமும் அலையாகத் தாழ்ந்து போகும் வடிவத்துக்கு ‘வௌவால்’. இத்தாலியில் ‘அப்பைனோ’, கிட்டத்தட்ட ‘குட்டிச் சாமியார்’. ஜெனோவா பக்கத்துப் பலகைக்கல் கூரை மடாதிபதியின் உடுப்பை நினைவூட்டியதாம். ஸ்பானிஷ்காரர்கள் ஸ்கைலைட்டை ‘வெளிச்சம் விழுங்கி’ என்கிறார்கள். என் ஓட்டு அதற்கே.

கேள்வி: பிரெஞ்சுக் கால்பந்து வர்ணனையாளர் ‘லுகார்ன்’ என்று கத்தினால் என்ன அர்த்தம்? (பாண்டிச்சேரி வாசகர்)

பதில்: கோல் கம்பத்தின் மேல் மூலையில் பந்து புகுந்துவிட்டது என்று அர்த்தம். லுகார்ன் என்பது கூரை ஜன்னலுக்கு இன்னொரு பிரெஞ்சுப் பெயர். பழைய பிராங்கிய மொழிச் சொல். விளக்கைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் சாயல் பிறகு அதில் ஏறியது. கோல்கீப்பர் எவ்வளவு எம்பினாலும் எட்டாத உயரத்தில் ஒரு மூலை, அதில் ஒரு ஓட்டை. இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைக்க முடியும்? டி.வி. பெட்டியை ‘விசித்திர லுகார்ன்’ என்று கிண்டல் செய்கிற வழக்கமும் அங்கே உண்டு.

கேள்வி: ஜன்னலுக்கும் கண்ணுக்கும் எல்லா மொழியிலும் முடிச்சுப் போடுகிறார்களே, ஏன்?

பதில்: எல்லா மொழியிலும் இல்லை; ஆனால் ஏகப்பட்ட மொழிகளில். ஆங்கில ‘விண்டோ’ பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றுக் கண்’. ரஷ்ய மொழியில் ஜன்னலுக்கான ‘அக்னோ’ பிறந்தது கண்ணைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து. நம் ‘பலகணி’யில்கூடக் கண் சிமிட்டுவதாகச் சொல்பவர்கள் உண்டு.

இதில் என்னை அசத்தியது மாட்டுக் கண். சம்ஸ்கிருதத்தில் ‘கவாக்ஷம்’ என்றால் ஜன்னல். பிரித்தால் மாட்டின் கண். பிரெஞ்சில் வட்டமான சிறு ஜன்னலுக்கு ‘ஓய் த பொஃப்’. பிரித்தால் அதுவும் மாட்டின் கண். யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று ஆராய வேண்டாம். மாடு எல்லா ஊரிலும் வட்டமாகத்தான் விழிக்கும். வெர்சாய் அரண்மனையில் 14ஆம் லூயி எழுந்து வருவதற்காகப் பிரபுக்கள் காத்துக்கிடந்த முன்னறைக்கே, அங்கிருந்த நீள்வட்ட ஜன்னலை வைத்து மாட்டுக் கண் அறை என்று பெயர். ராஜா எப்போது வருவார், வந்தால் தன்னைப் பார்ப்பாரா என்று விழித்துக்கொண்டு நின்றவர்களுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

கேள்வி: கூரைக்கு நிஜமாகவே கண் இருக்கும் ஊர் உண்டா?

பதில்: ருமேனியாவில் சிபியு. ஓட்டுக் கூரையை லேசாகத் தூக்கி, இமைபோல வளைத்து, உள்ளே நீளவாக்கில் ஓர் இருட்டுத் துளை. பரண்களுக்குக் காற்று வரச் செய்த ஏற்பாடு அவ்வளவே. ஆனால் பழைய ஊர்ச் சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒவ்வொரு வீடும் அரைத் தூக்கத்தில் உங்களையே முறைப்பது போலிருக்கும். 2017 டிசம்பரில் ஊழலை எதிர்த்து அங்கே ஆளும் கட்சி அலுவலகத்துக்கு எதிரே தினம் கூடி, கோஷம் போடாமல் நின்றார்கள். அவர்கள் வைத்த வாசகம்: ‘உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்’. அந்த ஊர்க்காரர்கள் சொல்லக்கூடிய வாசகம்தான்.

கேள்வி: ரோம் பாந்தியனில் கூரை நடுவில் ஒரு பெரிய ஓட்டை. மழை பெய்தால்?

பதில்: உள்ளே பெய்யும். சுமார் 9 மீட்டர் விட்டம், கண்ணாடி கிடையாது. 1,900 ஆண்டுகளாக அப்படித்தான். தரையை நடுவில் லேசாக மேடாக்கி, பளிங்கில் வடிகால் துளைகள் போட்டிருக்கிறார்கள். அந்தத் திறப்புக்கு லத்தீன் பெயர் ‘ஓகுலுஸ்’. மறுபடியும் கண்!

கேள்வி: ஜன்னல் வரியை ஏமாற்றத்தான் பாரிஸ்காரர்கள் கூரைக்குள் மாடி கட்டினார்கள் என்று படித்தேன். சரியா?

பதில்: மீண்டும் வருஷத்தைப் பாருங்கள். ஃபிரான்ஸ்வா மான்ஸார் என்ற கட்டடக் கலைஞரின் பெயரால் வழங்குவது மான்ஸார் கூரை: கீழ்ப்பாதி செங்குத்தாகவும் மேல்பாதி சாய்வாகவும் உடைந்த கூரை. அவர் காலமானது 1666இல். பிரான்ஸில் கதவு, ஜன்னல் வரி வந்தது 1798இல். வராத வரியை ஒருவர் எப்படி ஏய்ப்பார்? கூரையைக் கண்டுபிடித்தவரும் அவர் இல்லை. அவர் பிறக்கும் முன்பே லூவ்ர் அரண்மனையில் பியேர் லெஸ்கோ அப்படிக் கட்டியிருக்கிறார். மான்ஸார் அதை ஊரெங்கும் பரப்பினார், பேர் அவருக்குப் போயிற்று.

கட்டட உயர விதி என்று சொன்னால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். 1780களில் பாரிஸில் தெரு அகலத்தை வைத்து, சுவர் எவ்வளவு உயரம் போகலாம் என்று வரம்பு கட்டினார்கள். அளவு நின்றது சுவர் முடிந்து கூரை தொடங்கும் விளிம்போடு. அதற்கு மேலே கூரையைப் புடைக்கவைத்தால் சட்டத்துக்குள்ளேயே ஒரு மாடி லாபம்.

வரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1798 சட்டம் கூரையில் இருக்கும் திறப்புகளுக்கு விலக்கு அளித்தது. 1832இல் அரசாங்கத்துக்கு ஞானோதயம்: கூரை ஜன்னலானாலும், அது வெளிச்சம் தரும் அறையில் ஆள் குடியிருக்க முடியுமானால் வரி கட்ட வேண்டும் என்றது. அந்த அறைகளில் இருந்தது வேலைக்காரப் பெண்களும் மாணவர்களும். வெளிச்சத்துக்கு வரி போட்ட அந்தச் சட்டம் 1926 வரை உயிரோடு இருந்தது. இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஜன்னல் வரியை 1851லேயே தலைமுழுகிவிட்டார்கள்.

கேள்வி: கூரையடி அறை என்றாலே ஏழை எழுத்தாளன் என்று யார் முடிவு செய்தது?

பதில்: வாடகை. லிஃப்ட் இல்லாத காலத்தில் ஆறு மாடி ஏறத் தயாராக இருப்பவனுக்கே குறைந்த வாடகை. படமாக வரைந்து நிலைநாட்டியவர் ஜெர்மன் ஓவியர் கார்ல் ஷ்பிட்ஸ்வெக். 1839இல் வரைந்த ‘ஏழைக் கவிஞன்’ ஓவியத்தை உற்றுப் பாருங்கள். கட்டில் கிடையாது, தரையில் மெத்தை. கூரை ஒழுகுவதால் மேலே விரித்த குடை. கவிஞர் குல்லாய் போட்டுப் போர்த்திக்கொண்டு, இறகுப் பேனாவை வாயில் கவ்வியிருக்கிறார். அடுப்பு அணைந்து கிடக்கிறது. எரிக்க எடுத்து வைத்திருப்பது அவருடைய கையெழுத்துப் பிரதிகளையே. சின்ன ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய கூரைகள். வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்திருக்கிறாரே, அது சீர் பிரித்துப் பார்க்கவா, தெள்ளுப்பூச்சியை நசுக்கவா என்று இன்னும் கட்சி பிரிந்து வாதாடுகிறார்கள். யாப்பு தெரிந்தவர்களுக்கு இரண்டும் ஒரே வேலை.

இந்த ஓவியத்தின் இன்னொரு பிரதி பெர்லினில் இருந்தது. 1976இல் உலாய் என்ற கலைஞர் அதைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு ஓடி, ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டில் மாட்டிவிட்டு, அருங்காட்சியகத்துக்குத் தானே தகவல் சொன்னார். அது கலைப் போராட்டம். 1989இல் வந்தவர்கள் நிஜத் திருடர்கள். அந்தப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. வாழ்நாளில் ஒரு பிரதிகூட விற்காத கவிஞரை இரண்டு தடவை திருடியிருக்கிறார்கள்!

கேள்வி: ஐரோப்பாவில் கூரை ஜன்னலை ‘வெலக்ஸ்’ என்கிறார்களே, அது எந்த மொழி?

பதில்: கம்பெனி மொழி. டென்மார்க்கில் வில்லும் கான் ராஸ்முஸென் 1941இல் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு. காற்றோட்டத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்துகள் ‘வெ’, வெளிச்சத்துக்கு லத்தீனில் ‘லக்ஸ்’. நமக்கு எந்த மெஷினில் எடுத்தாலும் ஜெராக்ஸ். பிரெஞ்சுக்காரருக்கு எந்தக் கம்பெனி போட்டாலும் வெலக்ஸ்.

கேள்வி: ‘ஜன்னல்’ தமிழ்ச் சொல்தானே?

பதில்: போர்ச்சுகீசியம். ‘ஜனேலா’. சாவி, மேஜை, அலமாரியோடு ஒரே கப்பலில் வந்து இறங்கியது. லத்தீனில் கதவுக்கு ‘யானுவா’. அதன் குட்டி வடிவம்தான் ஜன்னல். வாசலுக்குத் தேவனான யானுஸின் பெயரில் ஜனவரி இருப்பதால், ஜன்னலும் ஜனவரியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். தமிழ் வேண்டுமானால் ‘காலதர்’ இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ‘காலதரைச் சாத்து’ என்று வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: கூரை ஜன்னலுக்குத் தமிழில் ஒரு சொல் உருவாக்கித் தாருங்கள்.

பதில்: மாட்டேன். ஏற்கெனவே இருப்பதை எடுத்துப் புழங்கினாலே போதும். மாமல்லபுரத்து ரதங்களின் கூரை விளிம்பில் வரிசையாகக் குதிரை லாட வடிவ வளைவுகள் இருக்கும்; உள்ளிருந்து முகங்கள் எட்டிப் பார்க்கும். வெயிலில் நின்று படம் எடுக்கிற அவசரத்தில் பலரும் அதைக் கவனிப்பதில்லை. மூங்கிலும் மரமும் ஓலையுமாகக் கட்டிய காலத்து வளைகூரையின் ஜன்னலைத்தான் சிற்பி கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். வடமொழியில் சொன்ன அந்த கவாக்ஷமே அது. நம் ஸ்தபதிகள் அதைக் ‘கூடு’ என்கிறார்கள். துருத்திக்கொண்டு நிற்பதால் ‘நாசிக்கூடு’ என்றும் சொல்வார்கள். ஊரெல்லாம் கண் என்றது, இவர்கள் மூக்கு என்றார்கள்.

வீட்டுக்கு வேண்டுமானால் ‘கண்ணாடி ஓடு’ இருக்கிறது. 1865இல் பாஸல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை வைத்து ஒரே அச்சில் ஓடு வார்க்கத் தொடங்கியது. ஓடெல்லாம் ஒரே அளவில் வந்ததால், இடையில் ஒன்றை எடுத்துவிட்டு அதே அச்சில் செய்த கண்ணாடியைச் சொருகுவது சுலபமாயிற்று. இருட்டுச் சமையலறையில் உரலுக்கு நேர் மேலே ஒன்று இருக்கும். அதன் வழியே விழும் வெயில் துண்டு நகர்வதைப் பார்த்தே மணி சொன்ன பாட்டிகள் உண்டு.

கேள்வி: சென்னையில் தனி வீடு கட்டுகிறோம். ஹாலுக்கு மேலே பெரிய ஸ்கைலைட் வைக்கலாம் என்கிறார் ஆர்க்கிடெக்ட். வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பாரிஸில் ஜூன் மாத உச்சிவேளையில்கூடச் சூரியன் 65 டிகிரி உயரத்தைத் தாண்டாது. டிசம்பரில் 18 டிகிரியோடு நின்றுவிடும். வெளிச்சத்துக்கு ஏங்குகிற ஊர், கூரையைப் பிளக்கிறார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். தட்டையான கண்ணாடிக் கூரை போட்டால் வெளிச்சத்தோடு அனலும் இறங்கும்; பிறகு ஏ.சி.யும் திரைச்சீலையும் வாங்கி மூட வேண்டும். ஆசை விடாது என்றால் பழைய மில் ஷெட்டுகளைப் பாருங்கள்: ரம்பப் பல்போலக் கூரையை உடைத்து, நிமிர்ந்த பக்கத்தில் வடக்குப் பார்த்துக் கண்ணாடி வைத்திருப்பார்கள். ஃபேப்ரிகேஷன்காரர்களிடம் ‘நார்த் லைட்’ என்றால் புரியும். வெயில் கோடையில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், மற்றபடி வெளிச்சம் மட்டுமே வரும். ஹாலுக்கு அதைக் கேளுங்கள். மாடிப்படிக்கு மேலே சின்னதாக ஒரு கண்ணாடி போதும். தண்ணீர் ஒழுகாமல் ஓரம் அடைத்துத் தருவதாக கான்ட்ராக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, ஐப்பசி மழை ஒன்று பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.